வரிசை எங்கே இருக்கிறது, ஐயா?

அந்த ஒன்றரை நிமிட வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஊத்தங்கரை வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றி, கிருஷ்ணகிரி போய், ஓசூரில் இருக்கும் என் மச்சான் வழியாக எனக்கே திரும்பி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஐயா எழுந்து கேட்கிறார்: "முப்பத்தஞ்சு வருசமா இங்கயே இருக்கீங்க. குடியுரிமைக்கு முறைப்படி ஒரு அப்ளிகேஷன் போட்டிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்குமே? எல்லாரும் வரிசையிலதான் நிக்கறோம், நீங்களும் நிக்கணும் தம்பி." கைதட்டல். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். வீடியோ முடிந்தது.

ஐயாவின் பெயரை யாரும் இங்கே எழுத வேண்டாம். அவர் நல்லவர். எனக்குப் புத்தகம் கொடுத்தவர். வேறு யாராவது கேட்டிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பியிருப்பேன்.

வீட்டில் முதல் கேள்வி, "ஏங்க சிரிச்சீங்க?" என்பதுதான். பழக்கம், வேறென்ன. எங்கள் இலங்கைத் தமிழர் அகதி முகாமில் பிள்ளைகள் நடக்கப் பழகுகிற வயதிலேயே அதையும் பழகிவிடுவார்கள். செக்கிங் நாளில் நோட்டுப் புத்தகத்தோடு யார் வந்து உட்கார்ந்தாலும் பெயரைக் கூப்பிட்டதும் சிரித்தபடி போய் நிற்க வேண்டும்.

அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். ஐயா, வரிசையில் நிற்க நாங்கள் தயார். அந்த வரிசை எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள்.

நான் பிறந்தது 1991 ஆகஸ்ட், ஊத்தங்கரை அரசு ஆஸ்பத்திரியில். பிறப்புச் சான்றிதழில் தர்மபுரி மாவட்டம் என்று இருக்கும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. படுத்திருந்த இடத்திலேயே நான் மாவட்டம் மாறினேன். மாவட்டம் மாற ஒரு மனுகூட எழுதவில்லை. நாட்டுக்குத்தான் வழி தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால், அப்பா அம்மா யாராக இருந்தாலும் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். நான் நாலு வருஷம் லேட். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய்ப் போராடி பாஸ்போர்ட் வாங்கினார், 2024 தேர்தலில் திருச்சியில் முதல் ஓட்டும் போட்டார். அன்று எங்கள் முகாமில் சாக்லேட் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

சரி, பிறப்பால் கிடைக்காது, விண்ணப்பித்து வாங்கலாமே? அதுதானே ஐயாவின் கேள்வி. பதிவு செய்து வாங்கலாம், நீண்ட நாள் வசித்ததைக் காட்டி வாங்கலாம் என்று இரண்டு வழிகள் சட்டத்தில் உண்டுதான். இரண்டின் வாசலிலும் ஒரே பலகை: சட்டவிரோதமாகக் குடியேறியவர் விண்ணப்பிக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. 1990இல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது தலைமன்னாரிலிருந்து படகில் ஏறியவர்கள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டா வருவார்கள்? அது அப்பா அம்மா கதை. நான் எங்கிருந்தும் குடியேறவில்லையே. பிரசவ வார்டிலிருந்து முகாமுக்குக் குடியேறினேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளட்டும்.

போட்டுத்தான் பார்க்கலாமே என்று 2016இல் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் படிவத்தோடு போனேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். முதல் பக்கத்திலேயே பாஸ்போர்ட் எண் கேட்கிறது. அடுத்து, தங்குவதற்கான அனுமதி எந்தத் தேதி வரை என்று கேட்கிறது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்று போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டுமாம். அந்த ஒரு தகுதி மட்டும் எங்களிடம் ஏராளமாக இருக்கிறது! கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்போர்ட் கட்டத்தைப் பேனாவால் தட்டி, "இது காலியா இருந்தா நான் வாங்க முடியாதுப்பா" என்றார். பாஸ்போர்ட் வேண்டுமானால் குடியுரிமை வேண்டும், குடியுரிமை வேண்டுமானால் பாஸ்போர்ட் வேண்டும். அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஜெராக்ஸுக்கு ஆன காசுக்குத்தான் வருத்தம்.

ஐயா, இதில் எந்த இடத்தில் வரிசை இருக்கிறது? வரிசை என்றால் கடைசியிலாவது ஓர் இடம் வேண்டும்.

"சி.ஏ.ஏ. வந்ததே, அதில் போட வேண்டியதுதானே" என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, அந்த 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளிலிருந்து வந்த இந்துக்கள், கிறிஸ்தவர்கள் போன்றவர்களுக்குத்தான் இடம். 2024 மார்ச்சில் விதிகளும் வந்தன. அதில் இலங்கை இல்லை. முகாமில் பிள்ளையார் கோயிலும் இருக்கிறது, மாதா கெபியும் இருக்கிறது, எதுவும் உதவவில்லை. 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டத்தோடு ஓர் ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு. நல்லது. உண்மையிலேயே நல்லது, அன்று அப்பா நிம்மதியாகத் தூங்கினார். ஆனால் பிடித்து உள்ளே போட மாட்டோம் என்பது வேறு, உள்ளே வா என்பது வேறு.

"அப்ளிகேஷன் போடவில்லை" என்ற சொல்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காதில் ரீங்கரித்துக்கொண்டே இருக்கிறது. யார் சொன்னது எங்கள் குடும்பம் போடவில்லை என்று? என் தாத்தா போட்டார்.

தாத்தாவின் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். எங்கிருந்து என்று கேட்டால் தாத்தா, "சேலம் ஜில்லா" என்று மட்டும் சொல்வாராம். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. 1965 வரை தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை எல்லாமே சேலம் ஜில்லாதான். அதனால் சிங்காரப்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போகும்போதெல்லாம் ஜவ்வாது மலையைப் பார்த்து, இங்கேயிருந்துதானோ என்று நினைப்பேன். ஆத்தூராகவும் இருக்கலாம், நாமக்கல்லாகவும் இருக்கலாம்.

1948இல் இலங்கை ஒரு சட்டம் போட்டு மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: இந்தியாவுக்கு ஐந்தேகால் லட்சம் பேர், இலங்கைக்கு மூன்று லட்சம் பேர், மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பங்கு பிரித்தார்கள். மாங்காய் மண்டியில்கூட ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கூறு போடுவார்கள். தாத்தா இந்தியாவுக்கென்று மனு எழுதிப் போட்டார். பதில் வருவதற்குள் 1977 கலவரம். தோட்டத்து லய வீட்டை விட்டு மன்னார்ப் பக்கம் ஓடினார்கள். காகிதமெல்லாம் போயிற்று. அங்கிருந்து 1990இல் படகு, மண்டபம், கடைசியில் இந்தப் பாம்பாறு அணை முகாம்.

மண்டபம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கூலிகளை இலங்கைக்கு அனுப்பும் முன் நோய் இருக்கிறதா என்று அடைத்து வைத்துப் பார்த்த முகாமும் அதே மண்டபத்தில்தான் இருந்தது. கொள்ளுத்தாத்தா போன வாசல். பேரன்கள் அகதியாக வந்து இறங்கியதும் அங்கேதான்.

தாத்தா 1998இல் முகாமிலேயே இறந்தார். அவர் மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அதைத்தான் வரிசை என்கிறீர்களா ஐயா?

இனி வழக்கமாக வருபவர்கள் வருவார்கள். "திரும்பிப் போக வேண்டியதுதானே." எங்கே? போனவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்கள் முகாமிலேயே போக வேண்டும் என்று காத்திருக்கும் பெரியவர்கள் உண்டு, அங்கே அவர்களுக்குக் கிணறும் பனையும் இருக்கின்றன. எல்லோருக்கும் இந்தியக் குடியுரிமை வேண்டும் என்று நான் பேசவில்லை. எனக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை. சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் என் பிறப்பைப் பதிவு செய்து, இலங்கைக்காரனாக ஆகி, பிறகு பார்த்தே இராத ஊருக்குத் 'திரும்பி'ப் போக வேண்டும்.

"பாதுகாப்பு" என்பார்கள். நான் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்புதான் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. வயிற்றில் இருந்ததால் எனக்குப் பங்கில்லை. இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

"வீடு கொடுத்தார்கள், பணம் கொடுக்கிறார்கள், ரேஷன் கொடுக்கிறார்கள், இன்னும் என்ன?" இதுதான் உறுத்துகிறது. கொடுத்தார்கள். பத்தடிக்குப் பத்தடிக் கொட்டகைக்குப் பதில் கான்கிரீட் வீடு வருகிறது. 2021இல் பணக்கொடையை உயர்த்தினார்கள்: குடும்பத் தலைவருக்கு 1500, மற்ற பெரியவர்களுக்கு 1000, பிள்ளைகளுக்கு 500. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். எல்லாவற்றுக்கும் நன்றி. மறுபடியும் நன்றி. பிறந்ததிலிருந்து நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டுவிட்டு யாருக்காவது எழுந்து நின்று நன்றி சொல்கிறார்களா? உள்ளூர் ஏழைக்கே வீடு இல்லையே என்று கேட்டால், அது நியாயம்தான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த ஏழைக்கு ஓட்டு இருக்கிறது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறையாவது அவர் வாசலில் ஒருவர் வந்து கும்பிட்டு நிற்பார்.

ஓட்டு என்றதும் சொல்ல வேண்டும். நான் பி.காம். படித்துவிட்டுப் பெயின்ட் அடிக்கிறவன். பி.இ. படித்துவிட்டு அடிக்கிறவர்களும் எங்களில் உண்டு, அதனால் பெரிய வருத்தமில்லை. ஒரு தேர்தலுக்கு முன்னால் பள்ளிக்கூடச் சுவர்களில் வாக்குச்சாவடி எண் எழுதும் வேலை கிடைத்தது. முதலில் காவியில் ஒரு பட்டை. காய்ந்ததும் தகரத்தில் வெட்டிய அச்சை இடது கையால் அழுத்திப் பிடித்து, வெள்ளையைத் தொட்டுத் தொட்டு ஒற்ற வேண்டும். கை கொஞ்சம் தளர்ந்தால் 'வா' என்ற எழுத்தின் கால் வழிந்துவிடும். ஒரு சுவரில் வழிந்துவிட்டது. துணியால் துடைத்து, மறுபடி காவி அடித்து, மறுபடி காயவிட்டு எழுதினேன். கீழே வாக்காளர் உதவி எண் 1950. அழகாக வந்தது. நான் படித்த பள்ளிக்கூடம் அது. வாக்குப்பதிவு அன்று அந்தப் பக்கம் போகவில்லை.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்ததே, அந்த மாதம் எங்கள் தெருவில் யாருக்கும் படிவம் வரவில்லை. மனைவிக்கு வந்தது. அவள் இந்த ஊர்க்காரி, ஓட்டு அவள் அப்பா ஊரில். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அங்கே பாதித் தெருவுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். 2002, 2005 பழைய பட்டியலில் பெயரைத் தேட வேண்டும். மாமனார் பெயர் கிடைக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பாட்டன் பூட்டன் காலத்துக் கம்பங்காட்டை இன்னும் உழுகிற மனுஷன். "மாப்ள, நான் இந்த ஊர்க்காரன்தான்னு யார்கிட்ட போயி சொல்றது?" என்றார். குரல் உடைந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பெயர் கிடைத்தது, இனிஷியல் மாறியிருந்தது. அந்த ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஐயா, உங்களுக்கும் அந்த மாதம் கொஞ்சம் பதற்றமாக இருந்தது என்று கேள்விப்பட்டேன்.

என் மகள் 2017இல் பிறந்தாள். அம்மா இந்தியர், பிறந்தது இந்தியா. ஆனால் 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அதாவது நான் அப்பாவாக இருப்பதுதான் அவளுக்கு இடைஞ்சல். இதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. ஸ்கூலில் ஆகஸ்ட் 15க்கு நடனம் ஆடுகிறாள், முன் வரிசை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நேற்று ராத்திரி ஐயா போன் செய்தார். "வீடியோ எடுத்தது எனக்குத் தெரியாது தம்பி, மனசுல வச்சுக்காத" என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பிறகு, "தாலுகா ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான். அப்ளிகேஷன் ஃபாரம் நானே வாங்கித் தர்றேன், நீ நிரப்பிக் குடு" என்றார்.

எந்த ஃபாரம் என்று நான் கேட்கவில்லை. "சரிங்கய்யா" என்றேன். சிரித்தேன் என்றும் நினைக்கிறேன். போன்தானே, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.