மூன்றுக்குப் பிறகு நான்கு வராத ஊர்

அதிகாலை 4.40. ஆடி மூன்றாம் வெள்ளி. என் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே விளக்குக் கம்பத்தில் கயிறு போட்டுக் கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கி முதலில் கனைத்தது. அடுத்து “ப்பூ, ப்பூ” என்று ஊதியது. அப்புறம் தொடங்கியது: “அலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.”

எத்தனை வருடமாகச் சோதிக்கிறார்கள்! ஒருவராவது நான்குக்குப் போயிருக்கிறாரா? தூக்கம் போன பிறகு வேறு வேலை ஏது, எண்ணினேன். பதினோரு தடவை. ஏழாவது தடவை குரல் மாறியது, யாரோ சிறுவன். அவன் மூன்று சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். “அலோ” என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான், பாவி. மைக் வேலை செய்கிறதா என்று அவர்களுக்கு இன்னும் சந்தேகமாம். எனக்கு இல்லை. தெருவிலுள்ள நாய்கள் எதற்கும் இல்லை.

ஒருவழியாகப் பாட்டு தொடங்கியதும் காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையானவர். “சாமி காரியம் சார், ரெண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றார். அவர் பேசும்போதே பின்னால் அதே பாட்டு கேட்டது. என் ஜன்னல் வழியாக வந்த வரி, அரை விநாடி கழித்துப் போன் வழியாகவும் வந்தது. நிலையம் இருப்பது கோயிலுக்குப் பின்தெருவில் என்பது அப்போதுதான் உறைத்தது. பாவம், அவரும் தூங்கவில்லை.

விதி இல்லாமலா? 2000-ஆம் ஆண்டே ஒலி மாசு விதிகள் வந்துவிட்டன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா என்றால் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். 4.40 மணிக்கு அதில் இடமே கிடையாது. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். எங்கள் வீட்டு மிக்ஸியே அதைத் தாண்டிவிடும். அதே ஆண்டு சென்னைத் தேவாலயம் ஒன்று தொடர்பான வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அம்மன் படித்திருப்பாள். விழாக் குழு படிக்கவில்லை.

உடனே எந்த மதத்தைச் சொல்கிறாய் என்று சண்டைக்கு வராதீர்கள். நானும் வேப்பிலை கட்டிக் கூழ் ஊற்றுகிற வீட்டுக்காரன்தான். பக்கத்துத் தெரு ஜெபக் கூட்டம், தர்கா கந்தூரி, தேர்தல் ஆட்டோ எல்லாவற்றுக்கும் ஒரே சவுண்ட் சர்வீஸ்காரரிடமிருந்துதான் குழாய் போகிறது. மத நல்லிணக்கம் முழுமையாகச் செழித்திருக்கும் இடம் என்று ஒன்று இருந்தால் அது அவருடைய குடோன்.

ஆறரை மணிக்குப் பாட்டு நின்றது. அப்பாடா என்று கண்ணை மூடினேன். நன்கொடையாளர் பட்டியல் தொடங்கியது.

இங்கேதான் என் கதை கந்தலாகிறது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்த வேண்டியவன், சாத்தவில்லை. காது கொடுத்துக் கேட்டேன். ஏனென்றால் போன வாரம் ரசீதுப் புத்தகத்தோடு வந்த ஐந்து பேரிடம் நானும் 500 ரூபாய் கொடுத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் பெயர் வந்தது, 200 ரூபாய், குடும்பத்தார் சகிதம், இரண்டு தடவை. மளிகைக் கடைக்காரர் வந்தார். போன வருடம் வீடு மாற்றிப் போனவர்கூட வந்தார். நான் வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தேன், வரவேயில்லை.

சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்ததால் கேட்காமல் போயிருக்குமோ?