ஐயாறும் கூடுவதில்லை, பிரிகின்றன
திருவையாறு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, அங்கே ஐந்து ஆறுகள் சங்கமிப்பதாகச் சொல்வது தவறு. இது டெல்டா, ஆறுகள் பிரிந்து போகிற பூமி. கல்லணையில் காவிரியை விட்டு வெண்ணாறு பிரிகிறது. தென்பெரம்பூரில் வெண்ணாற்றை விட்டு வெட்டாறு. குடமுருட்டியும் காவிரியின் கிளைதான். தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினால் சுமார் 13 கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலங்களைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். அந்த அழகைக் கட்டுரை சொல்லாமல் விட்டதில் எனக்கு வருத்தம். ஊரின் காவிரிக் கரையில் உள்ள புஷ்ய மண்டபப் படித்துறையில் ‘எப்போது போனாலும் நீராடலாம்’ என்று எழுதியதையும் திருத்துங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். இருப்பு குறைந்த வருஷம் திறப்பே தள்ளிப்போகும். ஏப்ரல், மேயில் கடைசிப் படிக்குக் கீழே பெரும்பாலும் மணல்தான். நீராட நினைப்பவர்கள் ஆடி முதல் தை வரைக்குள் வரட்டும். தியாகராஜர் ஆராதனையும் பெரும்பாலும் ஜனவரியில்தான் வருகிறது.