59:41 என் நேரம் அல்ல

சென்ற மாதம் இங்கே நான் போட்ட படத்தை இன்று நீக்கிவிட்டேன். கைக்கடிகாரத்தில் 10 கி.மீ., 59:41 என்று மின்னியதே, அந்தப் படம்தான். நாற்பத்தாறு வயதில் பத்துக் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவிட்டாய் என்று வாழ்த்தியவர்கள் மன்னிக்க வேண்டும். நான் ஓடவில்லை.

அன்று ஓடியது மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி. நடைப்பயிற்சிக் கூட்டம், நாய்கள், தள்ளுவண்டிகள், இவற்றுக்கிடையே வளைந்து நெளிந்து ஓட்டம். செயற்கைக்கோளை நம்பித் தூரம் சொல்லும் கடிகாரம், நாம் இருக்கும் இடத்தைப் புள்ளி புள்ளியாகக் குறித்துக் கோடு போட்டு இணைக்கிறது. புள்ளிகள் நாலைந்து மீட்டர் அங்கும் இங்கும் விலகி விழுந்தால், ஓடாத தூரமும் கணக்கில் ஏறிவிடும். வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு இடங்களில் குளத்துத் தண்ணீரின்மேல் ஓடியிருக்கிறேன்! மீனாட்சியும் சுந்தரேசுவரரும்கூட அங்கே தெப்பத்தில்தான் போகிறார்கள்.

"கடிகாரமே சொல்லிவிட்டது, உங்களுக்கென்ன அண்ணே?" என்றார் உடன் ஓடும் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. 2019இல் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை, அதாவது 42 கி.மீ. சொச்சத்தை, 1:59:40இல், இரண்டு மணி நேரத்துக்குள் கடந்தார். முறையான போட்டி அல்ல, துணை ஓட்டக்காரர்கள் மாறி மாறி வந்து காற்றைத் தடுத்தார்கள் என்பதால் அது உலக சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. அவருக்கே அந்தக் கறார் என்றால், தண்ணீரில் ஓடிய எனக்கு என்ன சலுகை?

ஆகவே போன ஞாயிறு ரேஸ் கோர்ஸ் மைதானம். உள்தடத்தில் ஒரு சுற்று 400 மீட்டர், 25 சுற்று. சுற்றுக்கு 2 நிமிடம் 24 நொடிக்கு மேல் போகக் கூடாது. வெறுங்காலோடு ஓடத் தொடங்கி, இந்த மைதானத்தில் பயிற்சி பெற்று, டோக்கியோ ஒலிம்பிக் வரை போன சக்கிமங்கலத்து ரேவதி வீரமணிக்கு ஒரு சுற்று என்பது 53, 54 நொடி விவகாரம். அதை நினைக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

தம்பி கையில் 25 புளியங்கொட்டை. நான் கடக்கும்போதெல்லாம் ஒன்றைக் கீழே போடுவார். முதல் ஐந்து சுற்றும் 2:15இல் ஓடினேன். புத்தி கெட்ட வேலை. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்ற எண்ணம்தான் காரணம், வேறென்ன? பதினெட்டாவது சுற்றில் தொடை கல்லாகிவிட்டது. சேர்த்து வைத்த 45 நொடியும் வட்டியோடு போயிற்று. கடைசிக் கொட்டை விழுந்தபோது 60:22.

22 நொடி என்றால், நான் ஓடும் வேகத்தில் அறுபது மீட்டர் சொச்சம். மைதானத்தின் ஒரு நேர்ப்பகுதி அளவுகூட இல்லை. இருந்தாலும் இந்த 60:22 பிடித்திருக்கிறது. அதில் ஒரு மீட்டர்கூடத் தண்ணீர் இல்லை.

மார்கழியில் மறுபடி போகிறோம். கொட்டைகள் தம்பியின் ஸ்கூட்டர் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் படத்துக்காக என்னிடம் பருத்திப்பால் வாங்கிக் குடித்த பதினோரு பேரும் கவலைப்பட வேண்டாம், காசைத் திருப்பிக் கேட்க மாட்டேன்.