ஜாப் கார்டில் என்ன எழுதினார்கள் என்று பார்த்தீர்களா?

போன வருஷம் ஆவணியில் கார் வாங்கினேன். 14 லட்சம், டீசல் வண்டி. மன்னார்குடியில் உரக்கடை வைத்திருப்பவன் டீசல் வாங்காமல் வேறென்ன வாங்குவான்? எங்கள் பக்கம் இன்ஜின் என்றாலே டீசல்தான், தண்ணி இறைக்கிற இன்ஜினில் இருந்து டிராக்டர், அறுப்பு மிஷின் வரைக்கும். ஷோரூமில் கலர் கேட்டார்கள், சீட் கவர் கேட்டார்கள், ஃபேன்சி நம்பர் வேண்டுமா என்று கேட்டார்கள். தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: வீட்டிலிருந்து கடைக்கு 4 கிலோமீட்டர், ராத்திரி திரும்பி வர 4.

2,300 கிலோமீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. புது வண்டியில் விளக்கு எரிந்தால் வயிற்றில் ஒரு கலக்கம் வருமே, அதேதான். மறுநாள் காலையிலேயே தஞ்சாவூர் சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பினேன். வடுவூர் ஏரி தாண்டியதும் விளக்கு தானாக அணைந்துவிட்டது. டாக்டர் வாசலில் பல்வலி நின்றுபோகிற கதை. அங்கே ஜாப் கார்டில், அதாவது நம் புகாரை எழுதிக்கொள்ளும் சீட்டில், கையெழுத்து வாங்கினார்கள். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சார், வாட்டர் வாஷ் பண்ணித் தர்றோம்" என்றார்கள். பளபளவென்று திரும்பி வந்தேன்.

பத்து நாளில் மறுபடி விளக்கு. வீட்டில் அதற்குள், "ஏழரை நடக்குது, திருநள்ளாறு போய்ட்டு வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டாள். திருவாரூர் தாண்டும்போது விளக்கு அணைந்தது. சனீஸ்வரனுக்கு அன்றைக்குக் கிடைத்த பெயர் எனக்கு இதுவரை எந்த வேலைக்கும் கிடைத்ததில்லை. ஆனாலும் விடாமல் இரண்டாம் தடவையும் வண்டியை சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டேன்.

காரணம் அப்புறம்தான் தெரிந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கும் புது வண்டிகள் எல்லாம் பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படிதான். டீசல் வண்டியில் புகையோடு வரும் கரியைப் பிடித்துவைக்க சைலன்சர் பாதையில் ஒரு ஃபில்டர் வைத்திருக்கிறார்கள், டி.பி.எஃப். என்பார்கள். கரி நிறைந்ததும் வண்டியே கூடுதலாக டீசலைப் பீய்ச்சி, சூட்டை 600 டிகிரி பக்கம் ஏற்றி, அதை எரித்துவிடும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல், ஒரே வேகத்தில் ஓட வேண்டும். 4 கிலோமீட்டரில் எங்கே எரிய? பாதியில் இன்ஜினை அணைத்தால் கரி அப்படியே இருக்கும். எரியாத டீசல் கொஞ்சம் சிலிண்டர் வழியாகக் கசிந்து இறங்கி இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும்.

மூன்றாவது தடவை நீடாமங்கலம் ரயில்வே கேட்டில். அந்த கேட் எவ்வளவு நேரம் மூடிக் கிடக்கும் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் பஸ், முன்னால் நெல் லோடு லாரி. கேட் திறந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி கட்டைவண்டி மாதிரி நகர்கிறது. பின்னால் ஹாரன். ஓரம் கட்டி, தெரிந்த டிராக்டர் மெக்கானிக் ஒருத்தரை வரச் சொன்னேன். அவர் ஸ்பேனர் எதையும் எடுக்கவில்லை. ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல் அளவு ஏறி நின்றது ஆயில். விரலில் தொட்டு மூக்கருகே நீட்டினார், டீசல் வாடை. "அண்ணே, ஆயில் குறைஞ்சாத்தானே பயப்படுவோம். இது கூடியிருக்கு. இதோட ஓட்டாதீங்க" என்றார். சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டர் இரண்டு தடவையும் சொல்லாததை ஒரு குச்சி சொல்லிவிட்டது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். சர்வீஸ் அட்வைசர் தம்பி இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, "நீங்க ஓட்டுற முறை சரியில்ல சார்". இரண்டு, "வெளி ஆள் கை வெச்சா வாரண்டி போயிடும்". முதலாவதற்கு என் பதில்: விற்கும்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு இப்போது நான் எப்படிக் குற்றவாளி? இரண்டாவது பலரையும் மிரட்டும் வசனம். 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது போட்ட உத்தரவிலேயே, வெளியில் வேலை பார்த்தார்கள் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்று சொல்லியிருக்கிறது. வெளி ஆள் செய்த வேலையால்தான் கோளாறு வந்தது என்றால் அந்தப் பாகத்துக்கு மட்டும் வாரண்டியை மறுப்பது வேறு. ஆயில் குச்சியை உருவினால் என்ன கோளாறு வரும்?

அன்றைக்குத்தான் பழைய ஜாப் கார்டுகளை வாங்கி உட்கார்ந்து படித்தேன். "விளக்கு எரியுது, பிக்கப் இல்ல" என்று நான் சொன்னதற்கு முதல் கார்டில் இருந்தது 'ஜெனரல் செக்கப்'. திருநள்ளாறு போய்வந்த பிறகும் விடாமல் இரண்டாம் தடவை கொண்டுபோய் விட்டேனே, அந்தக் கார்டில் 'கஸ்டமர் எஜுகேட்டட்'. அதாவது எனக்குப் பாடம் நடத்தி அனுப்பினார்களாம்! காகிதத்தைப் பார்த்தால் என் வண்டிக்கு நோயே வந்ததில்லை. ஒரே கோளாறு மூன்று தடவை வந்தது என்று நாளைக்கு யாரிடம் சொன்னாலும் ஆதாரம் கிடையாது.

அந்தத் தம்பி மேல் கோபமில்லை, ஒரத்தநாடு பக்கத்துப் பையன், வயது 25 இருந்தால் அதிகம். வாரண்டியில் ஒரு பாகம் மாற்றினால் அதற்கான காசை டீலருக்குக் கம்பெனி தர வேண்டும். காரணம் சரியில்லை என்று கம்பெனி திருப்பி அனுப்பினால் டீலர் கையைக் கடிக்கும். அதனால் முதல் பதில் எப்போதும் "நார்மல்தான் சார்". நாம் டீலரிடம் கத்துகிறோம், டீலர் கம்பெனிக்குப் பயப்படுகிறார், கம்பெனி பார்ப்பது காகிதத்தை. அந்தக் காகிதத்தில் நாம் சொன்னது இல்லை.

மூன்றாவது கார்டில் நான் சொன்னபடியே எழுதினால்தான் கையெழுத்து என்று உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம், இரண்டு காபி. எழுதினார்கள்: விளக்கு மூன்றாம் முறை, வேகம் எடுக்கவில்லை, ஆயில் அளவு கூடியிருக்கிறது. மூன்று கார்டையும் ஆயில் குச்சி போட்டோவையும் கம்பெனிக்கு மெயிலில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் கம்பெனி ஆள் வந்தார். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பார்க்கிற சென்சார் தப்பாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்ததாம். கரி இல்லாதபோதும் டீசலைப் பீய்ச்சச் சொல்லியிருக்கிறது. என் 4 கிலோமீட்டரும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. சென்சாரை வாரண்டியில் மாற்றினார்கள். ஆயிலுக்கு மட்டும் பில் நீட்டினார்கள், அது வாரண்டியில் வராதாம். உங்கள் சென்சார் கெடுத்த ஆயிலுக்கு நான் ஏன் காசு தர வேண்டும் என்று இன்னொரு மெயில் போட்டேன். பில் வாபஸ்.

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். போகலாம். 2019 நுகர்வோர் சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதியலாம். ஆனால் புது வண்டியே கொடுத்துவிடுவார்கள் என்று கனவு காணாதீர்கள். உற்பத்திக் கோளாறு என்று நிரூபிப்பது நம் தலையில்தான் வந்து விழும். வாரண்டி வாசகம் பாகத்தை மாற்றுவதாகச் சொன்னால் பாகம்தான், வண்டி இல்லை என்று 2006இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் திரும்பத் திரும்பக் கெடுகிற புது வண்டிக்கென்றே 'லெமன் சட்டம்' இருக்கிறது. இங்கே எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில் வைத்து நசுக்கத்தான்.

இப்போது விளக்கு எரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணி பக்கம் ஒரு ஓட்டம் விட்டு வருகிறேன். வீட்டில் இன்னும் திருநள்ளாறு கட்சிதான்.

போன வாரம் ஃபீட்பேக் கால் வந்தது. பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டார்கள். கடையில் யூரியா மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது, ஆறு என்றேன். ஐந்தே நிமிஷத்தில் அட்வைசர் தம்பியின் போன்.

"சார், ஆறு போட்டுட்டீங்களே. என் இன்சென்டிவ் போயிடும் சார்."

"தம்பி, அடுத்த சர்வீஸுக்கு வர்றேன். நான் சொல்றத சொன்னபடியே எழுதுங்க. பத்து போடுறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி சார், காலைல ஒன்பது மணிக்கே வந்துடுங்க, கூட்டம் இருக்காது" என்றார்.