அந்த அம்மா இடைத்தரகர் இல்லை

கானா நாட்டு மீனவருக்கு ஒரு செயலி செய்வதற்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த இணையக் கூட்டத்தைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை அதில் காட்டிய ஒரு ஸ்லைடை நாலு பேர் "அருமை" என்று பகிர்ந்திருப்பதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. கானா கடற்கரைப் படம், மூன்று கட்டம். நடுக்கட்டத்தில் தலையில் மீன் தட்டு சுமந்த பெண், அவர் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. இடைத்தரகரை எடுத்துவிட்டால் மீனவருக்கு லாபமாம். அதற்கு ஒரு செயலி போதுமாம்.

ஐயா, அவர் இடைத்தரகர் இல்லை. தோணி கடலுக்குப் போகக் காசு போட்டவர்.

கானாவின் துறைமுக ஊரான தேமாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரண்டு வருடம் கணக்கு எழுதியவன் நான். போன புதிதில் கிடங்கு வாசலில் நின்ற ஒரு அம்மாவிடம், "உங்கள் முதலாளி எப்போது வருவார்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கரையில் கிடந்த தோணிகளில் மூன்றைக் காட்டினார். மூன்றிலும் ஓடுகிற அவுட்போர்டு மோட்டார் அவர் பணத்தில் வாங்கியது. அன்று நான் வழிந்த வழிசலை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. எனக்காவது கூச்சம் வந்தது.

எண்ணெய், வலை, கடலில் சாப்பிட அரிசி, எல்லாவற்றுக்கும் அங்கே முன்பணம் கொடுப்பது பெரும்பாலும் பெண்கள்தான். பல ஊர்களில் மீன் வியாபாரப் பெண்களுக்குத் தலைவி உண்டு, கொன்கொஹேமா என்பார்கள். தோணி கரை சேர்ந்ததும் விலை பேசுவதில் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு. நம் செயலியில் அவருக்கு எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை.

செயலியை விட இந்தப் பெண்களுக்குக் கூட்டுறவுச் சங்கம்தான் தேவை என்கிறேன். சரி, கூட்டுறவு எதற்கு என்கிறீர்களா? ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே சாளை கொட்டும். கொட்டும்போது விலை விழும். கையில் காசும் ஐஸும் இருப்பவர் அப்போது வாங்கிப் புகை போட்டு வைத்து, மீன் இல்லாத மாதங்களில் உள்நாட்டு ஊர்களான குமாசிக்கும் தெச்சிமானுக்கும் அனுப்புவார். இல்லாதவர் அன்றன்றைக்கே வந்த விலைக்குத் தள்ளுவார். வித்தியாசம் முழுக்க அந்த மூன்று மாதம் கையில் இருக்கும் முதல்பணத்தில்தான் இருக்கிறது. வங்கிக்குப் போனால் நிலப் பத்திரம் கேட்பார்கள். நான் சொன்ன அம்மாவும் கேட்கப்பட்டார். கடைசியில் தினமும் வந்து சேமிப்புச் சில்லறை வாங்கிப்போகும் சுசுக்காரரிடம் (அங்கே சிறுசேமிப்பு வசூலிப்பவர்) சேர்த்த பணம்தான் கைகொடுத்தது. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கடன் கிடைக்கும், தனியாகக் கேட்டால் கிடைக்காது. இதைப் புரிந்துகொள்ள ஸ்லைடு வேண்டுமா?

மீனைப் புகை போட நல்ல அடுப்பு கொடுக்கலாமே என்றார் கூட்டத்தில் இன்னொருவர். கொடுங்கள். ஆனால் அக்ரா பக்கத்துச் சோர்க்கோரில், அந்த ஊர்ப் பெண்களோடு சேர்ந்து உருவாக்கிய அடுப்பு, ஊர்ப் பெயரிலேயே, ஐம்பது வருடத்துக்கும் மேலாக மேற்கு ஆப்பிரிக்காவெங்கும் புகைந்துகொண்டிருக்கிறது. அடுப்பு என்றால் என்னவென்று அவர்களுக்கே சொல்லித் தருகிறோம்! அடுப்பில் வைக்க மீன் வேண்டாமா? பெரிய இழுவைக் கப்பல்கள் தோணிக்காரர் மீனை அள்ளி, உறையவைத்து, நடுக்கடலிலேயே கைமாற்றிக் கரைக்கு அனுப்பின. சைக்கோ என்று பெயர். 2017ல் மட்டும் சுமார் 1 லட்சம் டன் இப்படிப் போனதாக மதிப்பீடு. அதன் மேல் எந்த ஸ்லைடிலும் பெருக்கல் குறி இல்லை. தட்டு சுமந்தவர் மேல்தான் குறி.

"அந்தப் பெண்கள் மீனவரைக் கடனில் கட்டிப்போடுகிறார்கள்" என்று வருவீர்கள், தெரியும். உண்டு. முன்பணம் வாங்கிய தோணி மீனை அவரிடமே, கொஞ்சம் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் வெறும் தோணி திரும்பினால் அந்த எண்ணெய்ச் செலவு யார் தலையில்? 2019ல் தோணிகளுக்கு முதல்முறை ஒரு மாதம் தடை போட்டபோது கரையில் சும்மா இருந்தது ஆண்கள் மட்டுமா? அடுப்பும்தானே அணைந்தது?

கூட்டுறவு என்றாலே ஊழல் என்பவர்களுக்கு என்னிடம் நேரமில்லை. பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் பெண்களின் மீன் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து நாடு தழுவிய ஒன்றியமே வைத்திருக்கின்றன. போய்ப் பாருங்கள்.

அப்புறம் ஒருவர் உள்பெட்டியில், "ஆப்பிரிக்கா நிபுணரே, நம் ஊர்ப் பிரச்சினையைப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறார். நிபுணர் என்று நான் எப்போது சொன்னேன்? இரண்டு வருடம் அந்த அம்மாக்கள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டவன், அவ்வளவுதான். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தபோது கிடங்கு நிர்வாகத்திலிருந்து போன்கூட வரவில்லை. கஞ்சியோடு வந்தது நீங்கள் பெருக்கல் குறி போட்டவர்.

ஞாயிறன்று நான் கை தூக்கியதும் மைக் கொடுத்தார்கள். "அந்த நடுக்கட்டம்..." என்று ஆரம்பித்தேன். நேரமாகிவிட்டது என்று அணைத்துவிட்டார்கள். அதன்பின் பத்து நிமிடம் செயலியின் லோகோ நீலமா பச்சையா என்று பேசினார்கள்.