ஜூஸ் குடித்தது ஒரு குற்றமா?

நோயாளி காத்திருக்கும்போது டியூட்டியில் இருந்த ஒரு பெண் டாக்டர் ஜூஸ் குடிப்பதை ஒருவர் வீடியோ எடுத்துப் போட்டார். அந்த ஜூஸ் வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். அந்தப் பெண்ணே தனக்கு டைப் 1 சர்க்கரை நோய், அதாவது தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டிய வகை, இருப்பதைச் சொல்லிவிட்டாள், இனியாவது விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நேற்று இரவு ஒரு மூத்த மருத்துவர் போட்ட கமெண்ட்டைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. "இந்த உடம்போடு எதற்கு மெடிசின் எடுக்க வேண்டும்? ஆரோக்கியமான ஒருவருக்குப் போக வேண்டிய சீட் வீணாகிவிட்டது."

சீட் வீணாகவில்லை சார்.

ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று நாம்தானே நோயாளிகளுக்குச் சொல்லித் தருகிறோம்? உடனே 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். அதைத்தான் அவளும் செய்தாள். ஜூஸ் குடிக்காமல், நடுங்குகிற கையோடு போய் நோயாளியின் ரத்தக்குழாயில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்டிருந்தால் நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கும்.

எனக்கு 14 வயதில் டைப் 1 வந்தது. ஒரு நாளைக்கு நான்கு ஊசி. கல்லூரியில் யாருக்கும் சொல்லவில்லை, ரூம்மேட்டுக்கு மட்டும் தெரியும். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஆபரேஷன் தியேட்டரில், அறுத்த இடத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்தபடி நின்றிருந்தேன், கண் இருட்டியது. ரூம்மேட்தான் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிப்போய் வாயில் குளுக்கோஸைக் கொட்டினாள். "என்னம்மா, டயட்டா?" என்று கேட்டார்கள். ஆமாம் சார் என்றேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. ஏன் மறைத்தேன் என்று கேட்பவர்களுக்கு நேற்றைய கமெண்ட்டே பதில்.

இப்போது பிஜி, மேற்படிப்பு, இரண்டாம் வருடம். புது நோயாளிகளை எங்கள் யூனிட் சேர்த்துக்கொள்ளும் அட்மிஷன் டே அன்று என்ன நடக்கும் தெரியுமா? சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலினைப் போட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பேன், கேசுவல்டியில் இருந்து போன் வரும். ஊசி உள்ளே போய்விட்டது, சோறு போகவில்லை. அப்புறம் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? இருபது நிமிடம் உட்கார்ந்து சாப்பிட விட்டால் நானும் மற்றவர்களைப் போலத்தான் வேலை பார்ப்பேன்.

தொடர்ந்து 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 1992-லேயே மேற்படிப்பு டாக்டர்களுக்கான மத்திய அரசின் ரெசிடென்சி விதியில் எழுதிவைத்தார்கள். 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலக் குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. போன மாதம் ஒரு வாரம் நான் எண்ணிப் பார்த்தேன், 96 வந்தது. சீட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

"நோயாளி காத்துக்கொண்டிருக்கிறாரே" என்பீர்கள். உண்மைதான். ட்ராலியில் அப்பாவைப் படுக்கவைத்துவிட்டு நிற்கிற மகனுக்கு, டாக்டர் ஜூஸ் குடிப்பது எப்படித் தெரியும் என்று எனக்குப் புரிகிறது. என் அப்பாவாக இருந்தால் நானும் கத்தியிருப்பேன். வீடியோ எடுத்தவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த நேரத்தில் அங்கே இன்னொரு டாக்டர் இருந்திருக்க வேண்டும். என் கோபமெல்லாம் விஷயம் தெரிந்த டாக்டர்கள் மேல்தான்.

"சலுகை கேட்கிறாய்" என்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் டைப் 1 கிடையாது. கேட்க என்னிடம் ஒரு சான்றிதழ்கூட இல்லை.

"நாங்களும் இப்படித்தான் படித்தோம்" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் ராத்திரி முழுக்க வார்டில் நின்றபோது உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியது யார்? என் வீட்டில் என் அத்தை. முட்டி வலியோடு, நான்கு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார். சுகர் இருக்கிற பெண் என்று தெரிந்தே என்னை மருமகளாக்கியவர். அவர் ஒருநாள்கூட "எதற்கு இந்தப் படிப்பு" என்று கேட்டதில்லை. படித்தவர்கள் கேட்கிறீர்கள்.

குழந்தை பெற்றது உன் இஷ்டம் என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. சரி, ஒன்று மட்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே மகப்பேறு சட்டத்தில் சேர்த்தாகிவிட்டது. நான் வேலை பார்க்கும் இடத்தில் கேட்டபோது சிரித்தார்கள். வருடத்துக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களிலேயே அதில் முக்கால்வாசி போய்விட்டது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள் என்று தினமும் கேஸ் ஷீட்டில் எழுதுகிறேன். எனக்குப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. பாப்பா என் டப்பாவில் ஒரு கடலை மிட்டாய் வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். அந்த வயதில் அது தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.

அந்தக் கமெண்ட்டுக்கு லைக் போட்டவர்களில் என்னோடு எம்பிபிஎஸ் படித்தவர்கள் ஆறு பேர். ஐந்து பேரை விட்டுவிடலாம். ஆறாவது ஆள், அன்று தியேட்டருக்கு வெளியே என் வாயில் குளுக்கோஸைக் கொட்டியவள். இன்று காலை இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. லைக் இன்னும் அப்படியே இருக்கிறது.