புளி போட்டுத் துலக்கிய காசுகள்

நாணயம் சேர்க்கத் தொடங்கிய இந்த ஓராண்டில், விலையையும் போலிகளையும்விட என்னை அதிகம் வருத்தியவர்கள், பழங்காசு எதைக் கண்டாலும் குத்துவிளக்கைப் போலப் புளியிட்டுத் துலக்கிவிடும் நல்லெண்ணக்காரர்களே. ஒருபுறம் நின்ற உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும், அருகே நாகரியில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற எழுத்தும் கொண்ட சோழர் செப்புக்காசு ஒன்றை அண்மையில் ஆவலோடு வாங்கிப் பார்த்தேன். கடையில் தொங்கும் புதுச் செம்புக்குடம் போலப் பளபளத்தது. பல நூற்றாண்டுகளாகப் படிந்து இறுகிய பச்சையும் பழுப்புமான படலமே செம்பைக் காக்கிறது என்பதும், புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும் என்பதும் எவருக்கும் உறைப்பதில்லை. விற்றவரோ துலக்கிய கூலியையும் (!) சேர்த்துக் கேட்டார். வீட்டிலோ, 1835ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கால் அணாக் காசை, ஆயுத பூசைக்கு முந்தைய நாள் பித்தளைச் சாமான்களோடு தேய்த்து வைத்துவிட்டு, என் பாராட்டுக்காகக் காத்திருந்தார் அத்தை.